மத்தாப்புக்கு அப்பால்: தருமபுரியில் பண்டிகைக் காலப் பாதுகாப்பு

2023 அக்டோபர் 7, சனிக்கிழமை. தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. ஓசூரைத் தாண்டியதும் வரும் கர்நாடக எல்லை ஊர் அத்திப்பள்ளி. அங்கே நெடுஞ்சாலையோரப் பட்டாசுக் கடை ஒன்றில் வண்டியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்தது. கடையும் கிடங்கும் ஒன்றாக இருந்த கட்டடம். உள்ளே இருந்தவர்களுக்கு வெளியேற நேரம் கிடைக்கவில்லை. 14 பேர் இறந்தார்கள். தீக்காயத்துடன் சிகிச்சையில் இருந்தவர்களும் இறக்க, எண்ணிக்கை பின்னர் கூடியது. இறந்தவர்களில் பலர் தருமபுரி மாவட்டம் அரூரை அடுத்த டி.அம்மாபேட்டையைச் சேர்ந்தவர்கள். சீசன் வேலைக்குப் போனால் நாலு காசு பார்க்கலாம் என்று கிளம்பிய கல்லூரி மாணவர்களும் இளைஞர்களும்தான் அவர்கள்.

பண்டிகை வந்தால் பள்ளிகளிலும் பேருந்து நிலையங்களிலும் தீயணைப்புத் துறையினர் துண்டறிக்கை கொடுப்பார்கள். பருத்தி உடை உடுத்துங்கள், வாளியில் தண்ணீர் வையுங்கள், குழந்தைகளைத் தனியே வெடிக்க விடாதீர்கள் என்று அதில் இருக்கும். ஒவ்வொன்றும் சரியான அறிவுரை. ஆனால் டி.அம்மாபேட்டை வீடுகளில் அந்த அறிவுரைகள் அத்தனையையும் கடைப்பிடித்திருந்தாலும் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்க முடியாது. கடந்த சில ஆண்டுகளில் இந்த மாவட்டத்திலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் பண்டிகையை ஒட்டி நடந்த பெரிய விபத்துகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பண்டிகை நாளன்று வாசலில் நடப்பதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். உயிர்கள் அதிகம் போவதோ கிடங்கிலும் தேர் வீதியிலும் ஆற்றிலும் கணவாயிலும். அங்கெல்லாம் முடிவு எடுக்கப்படுவது பண்டிகைக்குச் சில நாள், சில வாரம் முன்பே.

வாசலில் வெடிக்கும்போது

வாசலையும் அலட்சியமாக விட்டுவிட முடியாது. பாதுகாப்பானது என்று எண்ணிக் குழந்தை கையில் முதலில் கொடுக்கப்படும் கம்பி மத்தாப்பின் நுனி எரியும்போது 1,000 டிகிரி செல்சியஸையும் தாண்டும். எரிந்து முடிந்த கம்பியும் வெகுநேரம் சுடும். அதை வாசலில் வீசிவிட்டு அடுத்ததைப் பற்றவைக்கப் போகும் குழந்தை, வெறுங்காலோடு அந்தக் கம்பியையே மிதிக்கும். தண்ணீர் வாளி பெரிய தீயை அணைக்க மட்டும் இல்லை. எரிந்த கம்பிகளைப் போட்டுவைக்கவும் அதுதான் வேண்டும்.

கண் காயங்களுக்கு இன்னொரு பழக்கம் காரணம். சத்தம் கூடட்டும் என்று வெடியைக் கொட்டாங்கச்சிக்குள்ளோ பால் டப்பாவுக்குள்ளோ வைத்துக் கொளுத்துவார்கள். வெடித்ததும் தகரமும் ஓடும் முகத்தை நோக்கித் தெறிக்கும். தீபாவளிக்கு மறுநாள் காலையில் நடப்பது அதைவிட மோசம். தெருவில் வெடிக்காமல் நமத்துக் கிடக்கும் வெடிகளைச் சிறுவர்கள் பொறுக்கி, பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்துவார்கள். பெரியவர்கள் களைத்துத் தூங்கும் நேரம் அது. முந்தின இரவே தெருவைக் கூட்டி, கிடப்பதை எல்லாம் தண்ணீரில் நனைத்துவிட்டால் இந்த விளையாட்டுக்கு வழியே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்து, தீபாவளி இரவு 8 மணி முதல் 10 மணி வரை என்று நேரம் குறித்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்து விடியற்காலையில் வெடிப்பது இங்குள்ள வழக்கம் என்று தமிழ்நாடு அரசு எடுத்துச் சொன்னதால், இரண்டு மணி நேரத்தைத் தன் விருப்பப்படி பிரித்துக்கொள்ள அதற்கு அனுமதி கிடைத்தது. காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அப்போது வகுக்கப்பட்டது. பேரியம் உப்பு கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை உண்டு. நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் வெடிகளுக்கும் தடைதான். நடைமுறையில் இந்த நேரக் கட்டுப்பாட்டை எத்தனை தெருக்கள் மதிக்கின்றன என்பது எல்லோரும் அறிந்ததே.

கிராமங்களில் ராக்கெட்தான் தனிக் கவலை. பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் வீட்டுக்குப் பின்புறம் வைக்கோல் போரும் சோளத்தட்டுப் போரும் இருக்கும். கூரை வேய்ந்த மாட்டுக் கொட்டகை இருக்கும். எங்கே விழும் என்று விட்டவருக்கே தெரியாத வெடி ராக்கெட். ஒரு பொறி போரில் விழுந்தால் புகைந்து, நள்ளிரவுக்கு மேல்கூடப் பற்றும். அந்த ஆண்டு முழுக்க மாட்டுக்கு வைத்திருந்த தீவனம் போய்விடும். கட்டி வைத்த மாடும் சேர்ந்து போகலாம்.

தீப்பட்டுவிட்டால் முதல் வேலை குழாயைத் திறப்பதுதான். ஓடும் சாதாரணத் தண்ணீரில் சுட்ட இடத்தை இருபது நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் வேண்டாம். இங்க், பற்பசை, மஞ்சள், தேங்காய் எண்ணெய், இட்லி மாவு எதுவும் வேண்டாம். வீங்குவதற்குள் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட வேண்டும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. கண்ணில் பட்டிருந்தால் கசக்காமல், சுத்தமான துணியால் லேசாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மேலே பூசியது எதுவாக இருந்தாலும் மருத்துவர் அதை முதலில் கழுவி எடுத்தால்தான் காயத்தின் ஆழம் தெரியும். அப்படிக் கழுவும் வலியைத் தாங்கப்போவது குழந்தைதான்.

கிடங்கும் பையும்

வாசலை விட்டுப் பின்னோக்கி நடந்தால் பட்டாசு செய்யும் இடமும் வைக்கும் இடமும் வருகின்றன. பட்டாசு என்றதும் சிவகாசி நினைவுக்கு வந்தாலும், தருமபுரியிலும் சிறு பட்டாசு ஆலைகளும் நாட்டு வெடி தயாரிக்கும் கூடங்களும் உண்டு. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வெடி வேண்டியிருப்பதால் ஆண்டு முழுவதும் வேலை நடக்கும். 2023 மார்ச்சில் பென்னாகரம் வட்டம் நாகதாசம்பட்டியில் நடந்த வெடி விபத்தில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். 2025 பிப்ரவரி 24 அன்று கம்பைநல்லூர் அருகே இன்னொரு கூடம் வெடித்ததில் மூன்று பெண்கள் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் உயிரை விட்டவர்கள் தினக்கூலிக்குப் போன பெண்கள்.

2004 வரை தருமபுரி மாவட்டத்தின் பகுதியாக இருந்த கிருஷ்ணகிரியில், 2023 ஜூலை 29 அன்று பழையபேட்டைப் பட்டாசுக் கிடங்கு வெடித்து ஒன்பது பேர் மாண்டனர். பக்கத்துக் கட்டடங்கள் இடிந்தன. அருகில் இருந்த உணவகத்தின் எரிவாயு சிலிண்டர் வெடித்ததே தொடக்கம் என்று அப்போது சொல்லப்பட்டது. அதில் கருத்து வேறுபாடும் எழுந்தது. எது முதலில் பற்றியிருந்தாலும், ஜனங்கள் நெருங்கி வாழும் தெருவில் உணவகமும் பட்டாசுக் கிடங்கும் அருகருகே இருந்தது மட்டும் உண்மை. 2021 அக்டோபர் 26 அன்று, தீபாவளிக்குச் சில நாள் முன்பு, கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்தில் எரிந்த பட்டாசுக் கடையும் கடைவீதியில்தான் இருந்தது.

பட்டாசைச் சுமந்து செல்வதும் இப்படித்தான். 2021 தீபாவளி அன்று விழுப்புரம் மாவட்டம் கோட்டக்குப்பத்தில் இரு சக்கர வண்டியில் நாட்டு வெடி மூட்டையுடன் போய்க்கொண்டிருந்த தந்தையும் சிறுவனான மகனும் வெடி சிதறி அந்த இடத்திலேயே இறந்தார்கள். யாரும் நெருப்பு வைக்கவில்லை. நாட்டு வெடிக்கு நெருப்பு தேவையும் இல்லை. குலுங்கலும் உராய்வும் வெயில் சூடும் போதும். பெங்களூரிலிருந்தோ ஓசூரிலிருந்தோ மலிவாகக் கிடைக்கிறது என்று பேருந்திலும் ரயிலிலும் பட்டாசுப் பையோடு ஏறுவது சட்டப்படி குற்றம். அறுபது பேர் அடைத்துக்கொண்டு போகும் வண்டியில் அது என்ன செய்யும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

ஒரு குடும்பம் இதில் செய்ய முடிந்தது என்ன? சில கேள்விகளைக் கேட்கலாம். பிள்ளை சீசன் வேலைக்குப் போகிறேன் என்றால், கூலி எவ்வளவு என்பதோடு வேலை எங்கே என்றும் கேட்க வேண்டும். கடைக்கு உரிமம் இருக்கிறதா, உரிமத்தில் எழுதிய அளவுக்குத்தான் சரக்கு இருக்கிறதா, பின்பக்கம் இன்னொரு வாசல் உண்டா, இரவு அங்கேயே படுக்கச் சொல்கிறார்களா? பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையைப் பட்டாசு வேலையில் வைப்பதே சட்டவிரோதம். அத்திப்பள்ளி விபத்துக்குப் பிறகு கர்நாடக அரசு அரசியல் நிகழ்ச்சி, ஊர்வலம், திருமணம் ஆகியவற்றில் பட்டாசு வெடிக்கத் தடை விதித்தது. எல்லைக்கு இந்தப் பக்கம், வேலைக்கு ஆள் அனுப்பும் ஊர்களில், வேலையிடத்தைப் பற்றி இந்தக் கேள்விகளைக் கேட்கும் பழக்கம் வந்தால்தான் அடுத்த சீசனில் பலன் தெரியும்.

அடுப்படியும் மின்கம்பியும்

பண்டிகைக்கு முந்தின நாள் அடுப்படி ஓயாது. அதிரசமும் முறுக்கும் வெந்துகொண்டிருக்கும். எண்ணெய்ச் சட்டி மணிக்கணக்கில் அடுப்பில் இருக்கும். ஒற்றை அடுப்பு போதாமல் இரண்டாவது சிலிண்டரை எடுத்து, பழைய ரப்பர் டியூபை மாட்டி, கொல்லையில் தனி அடுப்பு போடுவார்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீரைப் போலத் தரையோடு படர்ந்து, கட்டிலுக்கு அடியிலும் வாசற்படி ஓரத்திலும் தேங்கும். மேலே ஜன்னல் திறந்திருக்கிறது என்பதை நம்பிப் பயனில்லை. மூக்குக்குத் தெரியட்டும் என்றே அந்த நாற்றத்தை அதில் கலக்கிறார்கள். நாற்றம் வந்ததும் ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, வெளியே வந்துவிட வேண்டும். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி வரும். 1906 என்ற எண் எரிவாயுக் கசிவுக்கென்றே நாள் முழுவதும் இயங்குகிறது.

டியூபின் மேல் தயாரித்த ஆண்டும் காலாவதி ஆண்டும் அச்சாகியிருக்கும். அடுப்பைத் துடைக்கும் அன்று அதையும் ஒருமுறை படித்துவிடலாம். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓட்டக் கூடாது. கொதிக்கும் எண்ணெயில் தீப்பிடித்தால் பலருக்குக் கை தன்னால் தண்ணீரைத் தேடும். தண்ணீர் விழுந்த எண்ணெய் பொங்கி, கூரை உயரத்துக்கு எரியும். அடுப்பை அணைத்து, சட்டியைப் பெரிய தட்டால் மூடினால் போதும். கார்த்திகை தீபத்தன்று வரிசை விளக்குக்கு நடுவே நைலக்ஸ் புடவையோடு நடப்பதும், அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமிக்குப் பூசணி விளக்கு ஏற்றும் கூட்டத்தில் முந்தானையைத் தொங்கவிட்டு நிற்பதும் இதே கணக்கில் வருபவைதான். செயற்கை இழை பற்றினால் எரிவதோடு நிற்காது. உருகித் தோலில் ஒட்டும்.

அடுத்தது மின்சாரம். கிறிஸ்துமஸ் நட்சத்திரம், மாரியம்மன் பண்டிகைச் சீரியல் விளக்கு, விநாயகர் சதுர்த்திப் பந்தல் என்று பெயர்கள் மாறினாலும் கோளாறு ஒன்றுதான். ஒட்டுப்போட்ட மெல்லிய ஒயர் ஈரக் கம்பத்தில் சுற்றியிருக்கும். அல்லது மேலே போகும் கம்பியில் கொக்கி மாட்டியிருக்கும். தீபாவளியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகின்றன என்பது ஆபத்தை இரட்டிப்பாக்குகிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவி மெயின் பெட்டியில் இருந்தால் உயிர் தப்பும். பந்தல் போடுபவர் அதைப் பொருத்தியிருக்கிறாரா என்று விழாக் குழு கேட்க வேண்டும். அறுந்து தொங்கும் கம்பியைக் கண்டால் மின்வாரியத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குச் சொல்லலாம்.

தேர் வீதி

2022 ஜூன் 13. பாப்பாரப்பட்டி அருகே மாதேஹள்ளி காளியம்மன் கோயில் தேரை ஊரார் இழுத்து வந்தார்கள். தேர் சாய்ந்து கூட்டத்தின் மேல் விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். தஞ்சாவூர் களிமேடு விபத்து நடந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அங்கே ஏப்ரல் 27 அதிகாலை, அப்பர் சதய விழாத் தேரின் அலங்காரம் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தனர். இறந்தவர்களில் சிறுவர்களும் உண்டு. சாலை புதிதாகப் போடப்பட்டு உயர்ந்திருந்தது. தேர் முந்தின ஆண்டுகளில் போன அதே வழியில்தான் போனது. கீழே தரைதான் ஏறியிருந்தது.

சின்ன ஊர்த் தேர்கள் பெரும்பாலும் மர அச்சும் மரச் சக்கரமும் கொண்டவை. ஆண்டில் ஒருநாள் ஓடிவிட்டு, மீதி நாளெல்லாம் தகரக் கொட்டகையில் கரையான் நடுவே நிற்கும். விழாவுக்கு முன் துணியும் பூவும் மாற்றுவார்கள். அச்சைத் தட்டிப் பார்க்கும் ஆசாரியைக் கூப்பிடுவது எல்லா ஊரிலும் நடப்பதில்லை. வீதி வளைவிலும் சரிவிலும் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் முட்டுக்கட்டை போடுபவரின் கையில் இருக்கிறது. பழகிய ஆள் வயதாகி ஒதுங்கிவிட்டால், அந்த இடத்துக்கு வருகிற இளைஞனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். பெண்கள் வடம் பிடிக்கும் குமாரசாமிப்பேட்டைத் தைப்பூசத் தேர் போன்ற பெரிய விழாவுக்குக் காவலும் மின்தடையும் ஏற்பாடாகும். குக்கிராமத்து விழாவுக்கு ஊர்ப் பெரியவர்கள் காவல் நிலையத்துக்கும் மின்வாரியத்துக்கும் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு.

குடும்பத்தோடு தேர் பார்க்கப் போகிறவர்களுக்கு அனுபவம் சொல்லும் பாடம் எளிமையானது. வடத்துக்கும் சக்கரத்துக்கும் இடையில் நிற்கக் கூடாது. குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தேருக்குக் கீழே கூட்டத்தில் நுழையக் கூடாது. சரிவான வீதி என்றால் மேட்டுப் பக்கம் நிற்க வேண்டும். பந்தலுக்குள் நுழைந்ததும் வெளியேறும் இன்னொரு வழி எங்கே என்று பார்த்துவைக்க வேண்டும். 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் பற்றி, நெரிசலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் பற்றி மணமகன் உள்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரண்டு இடத்திலும் கூரை கீற்று. வெளியேறும் வழி குறுகல்.

பொங்கலில் காளை வருகிறது. 2023 ஜனவரி 21 அன்று தருமபுரி நகரை ஒட்டிய தடங்கத்தில் நடந்த ஜல்லிக்கட்டில் காளை முட்டி 14 வயதுச் சிறுவன் இறந்தான். அவன் மாடு பிடிக்க வந்தவன் இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவன். மாடுபிடி வீரருக்கு மருத்துவப் பரிசோதனை, காளைக்கு மருத்துவச் சான்று, களத்துக்கு இரட்டைத் தடுப்பு என்று விதிகள் இருக்கின்றன. தடுப்புக்கு வெளியே, காளைகளை அவிழ்த்துக் கொண்டுவரும் வழியிலும் பிடித்துக்கொண்டு போகும் இடத்திலும் நிற்பவரை அந்த விதிகள் காப்பதில்லை. வடமாவட்டங்களில் தெருவிலேயே மாடு ஓடும் எருது விடும் விழாவில் பார்வையாளனுக்கும் களத்துக்கும் இடையில் பல நேரம் ஒரு கயிறுதான் இருக்கும். மாடியோ உயரமான திண்ணையோ கிடைக்கவில்லை என்றால் குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போவதே நல்லது.

ஆடி பதினெட்டும் ஆறும்

தருமபுரிக்காரருக்கு ஆடிப்பெருக்கு என்றால் ஒகேனக்கல். புதுத் தாலிக்கயிறு மாற்றும் பெண்கள், பம்பை முழங்க ஆற்றுக்கு வரும் குலதெய்வங்கள், மீன் வறுவல் மணம், எண்ணெய் மசாஜ் என்று அன்று காவிரிக் கரை நிறைந்திருக்கும். காவிரி நிறைவதும் அதே பருவத்தில்தான். குடகிலும் வயநாட்டிலும் மழை வலுத்து, கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் திறந்தால், தருமபுரியில் வெயில் காய்ந்தாலும் ஆறு ஏறும். பிலிகுண்டுலுவில் அளக்கிற நீர்வரத்தை வைத்து மாவட்ட நிர்வாகம் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போடும். 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில், சரியாக ஆடிப்பெருக்கு நேரத்தில், நீர்வரத்து விநாடிக்கு 1 லட்சம் கன அடியைத் தாண்டி, அருவியே தெரியாமல் வெள்ளம் போனது.

தடை இருக்கும் நாளில் ஆட்கள் திரும்பிப் போவதில்லை. மெயின் அருவிக்குக் காவல் போட்டால், ஊட்டமலை, ஆலாம்பாடி என்று காவல் இல்லாத கரை தேடி இறங்குவார்கள். அங்கே பாறை பாசி படிந்து வழுக்கும். மேலே அமைதியாகத் தெரியும் நீர் அடியில் சுழலும். சில இடங்களில் முதலையும் உண்டு. பரிசல் மூங்கில் பின்னி, அடியில் தார் பூசிய வட்டக் கூடை. நின்றாலும், படம் எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தாலும் கவிழும். 2015இல் பரிசல் கவிழ்ந்து சென்னையிலிருந்து வந்த ஒரே குடும்பத்தினர் பலர் இறந்த பிறகு, உயிர்காப்பு உடை அணிவதில் கண்டிப்பு கூடியது. வெயிலில் வியர்க்கிறது என்று நடு ஆற்றில் அதைக் கழற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆற்றைவிடக் குளமும் கிணறும் அமைதியாக உயிர் எடுக்கின்றன. விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்கு வரும் நகரத்துப் பிள்ளைக்கு நீச்சல் தெரியாது. ஊர்ப் பையன்கள் குதிப்பதைப் பார்த்துத் தானும் இறங்குவான். ஏரியில் மண் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்பது நீர் நிறைந்த பிறகு ஊராருக்கே மறந்திருக்கும். மூழ்கும் குழந்தை சினிமாவில் வருவது போலக் கத்துவதில்லை. சத்தமில்லாமல் ஓரிரு நிமிடத்தில் கீழே போய்விடும். அப்போது நீரில் குதிப்பதைவிடப் புடவையோ கயிறோ நீளக் கழியோ நீட்டுவதுதான் உதவும். ஒரு பிள்ளையைக் காப்பாற்ற நீச்சல் தெரியாத இன்னொருவர் இறங்கி இருவரும் போன கதைகள் ஒவ்வொரு வட்டத்திலும் உண்டு.

தொப்பூர் இறக்கம்

பண்டிகைக்கு முந்தின இரவு பெங்களூரிலிருந்து சேலம் வழியாகத் தெற்கே கிளம்பும் வண்டிகள் தருமபுரி மாவட்டத்தைக் கடந்துதான் போக வேண்டும். கிருஷ்ணகிரியில் நெரிசல் தளர்ந்ததும் ஓட்டுநருக்குக் கால் அழுந்தும். அடுத்து வருவது தொப்பூர்க் கணவாய். சேலம் நோக்கிப் போகும் வண்டிக்கு அது நீண்ட, வளைந்த இறக்கம். டீசல் மிச்சம் என்று லாரியை நியூட்ரலில் விடுவார்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும் கனரக வண்டியின் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். 2020 டிசம்பர் 12 அன்று அப்படி வந்த லாரி வரிசையாக நின்ற வண்டிகள் மேல் மோதி நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று, பொங்கல் முடிந்த பத்து நாளில், லாரிகளுக்கு இடையில் சிக்கிய கார் எரிந்ததில் மீண்டும் நான்கு உயிர்கள். அங்கே உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டம் எடுக்கப்பட்டிருக்கிறது. அது முடியும் வரை ஓட்டுநரின் கியர்தான் பாதுகாப்பு. இறக்கத்தில் எந்த கியர் வேண்டுமோ அதை மேலேயே போட்டுவிட்டு இறங்க வேண்டும். லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகக் கூடாது. லாரிக்கு முன்னால் நிற்கவே கூடாது.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதும் பாதுகாப்புதான். வெள்ளிக்கிழமை வேலை முடித்து, தூக்கமில்லாமல் இரவு பதினொரு மணிக்குக் கிளம்பும் கார், தொப்பூரை அடையும்போது அதிகாலை ஆகியிருக்கும். கண் அயரும் நேரம். விடிந்த பிறகு கிளம்பினால் பலகாரம் சாப்பிடச் சில மணி நேரம் தாமதமாகும், அவ்வளவே. இரு சக்கர வண்டியில் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் ஏற்றி ஓசூரிலிருந்து வருவதற்குப் பண்டிகைக்கால சிறப்புப் பேருந்து மாற்று. கூட்டத்தைப் பார்த்து அலுத்துக்கொண்டாலும், உயிரோடு ஊர் வந்து சேரலாம். விபத்து நடந்துவிட்டால் 108, நெடுஞ்சாலை உதவிக்கு 1033. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்கும். அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் காப்புத் தருகிறது. வேடிக்கை பார்ப்பவர்கள் பலர் இது தெரியாததால்தான் கைகட்டி நிற்கிறார்கள்.

ஊருக்குப் போகும் குடும்பம் பின்னால் விட்டுப்போகும் பூட்டிய வீட்டுக்கும் ஒரு வரி. பூட்டு வெளியே தொங்குவதும் வாசலில் இரண்டு நாள் கோலம் இல்லாததும் திருடனுக்குப் போதும். காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனால் இரவு ரோந்தில் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் வாசல் தெளிக்கச் சொல்லிவிட்டுப் போவது அதைவிடப் பழைய, நல்ல ஏற்பாடு. நகையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நெரிசல் பேருந்தில் ஏறுவதைவிட வங்கி லாக்கர் மேல்.

யார், எப்போது

இத்தனையையும் ஒரு குடும்பம் மட்டும் சுமக்க முடியாது. கம்பியின் உயரத்தைக் குடும்பத் தலைவரால் மாற்ற முடியாது. கணவாயில் வளைவை நேராக்க முடியாது. கிடங்கைச் சோதிக்கும் அதிகாரமும் அவருக்கு இல்லை. வருவாய்த் துறை, தீயணைப்பு, மின்வாரியம், காவல் என்று நான்கு கை சேர்ந்தால்தான் நடக்கும். அவை சேருவது பெரும்பாலும் விபத்து நடந்த மறுநாள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண் வெள்ளத்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் அனுமதியில்லாமல் வெடி சேர்த்துவைத்திருப்பதையும் அதில் சொல்லலாம்.

பேசுவதற்கு மேடை புதிதாக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பண்டிகை நாட்காட்டியோடு இது நன்றாகவே பொருந்துகிறது. மே 1 வைகாசித் தேருக்கு முன் வருகிறது. ஆகஸ்ட் 15 விநாயகர் சிலைகளைத் தென்பெண்ணைக்கும் காவிரிக்கும் கொண்டுபோகும் காலத்தை ஒட்டி வருகிறது. அக்டோபர் 2 தீபாவளிச் சீசனின் வாசலில் நிற்கிறது. நூறு நாள் வேலையும் குடிநீரும் பேசும் அந்தக் கூட்டத்தில், தேரின் உயரம் இத்தனை அடி, வீதிக் கம்பியின் உயரம் இத்தனை அடி, மின்சாரம் நிறுத்த உதவிப் பொறியாளருக்கு எழுதிய கடிதத்தின் தேதி இது, ஏரிப் பள்ளத்துக்குக் கொடி நட்டவர் இன்னார் என்று தீர்மானப் புத்தகத்தில் நான்கு வரி எழுத ஊராட்சிச் செயலருக்குப் பத்து நிமிடம் ஆகும். எழுதாமல் விட்டால், அடுத்த கூட்டத்தில் ஏன் எழுதவில்லை என்று கேட்கும் உரிமை வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவருக்கும் இருக்கிறது.